இராணித் தேனீ அறைகளைப் பண்ணைகளுக்கிடையே எடுத்துச் செல்லுதல்

இராணி அறை என்பது தேனீக் கூட்டில் புதிய இராணித் தேனீ வளர்வதற்காகப் பணித்தேனீக்கள் மெழுகால் கட்டும் தனி அறை ஆகும். முதிர்ந்த இராணி அறையை ஒரு பண்ணையிலிருந்து எடுத்து, வேறொரு பண்ணையில் இராணி இல்லாத குடும்பத்தில் பொருத்துவது தேனீ வளர்ப்பில் பரவலாகக் கையாளப்படும் முறை. நல்ல குணமுள்ள ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல்களைப் பல பெட்டிகளுக்குக் கொண்டு சேர்க்க இது எளிய வழி. எனினும் அறைக்குள் இருப்பது உடல் உறுப்புகள் இன்னும் முழுமை பெறாத உயிர். தவறான நாளில் எடுத்தாலோ, வழியில் குளிரிலோ வெயிலிலோ குலுக்கலிலோ சிக்கினாலோ அது இறக்கும், அல்லது பறக்க இயலாத இராணியாக வெளிவரும். அந்த இழப்பு ஒரு பூச்சியோடு நிற்பதில்லை. அதை நம்பியிருந்த குடும்பம் முழுவதுமே அழியக்கூடும்.

இராணி அறையின் அமைப்பு

பணித்தேனீக்களும் ஆண் தேனீக்களும் வளரும் அறைகள் அடையில் கிடைமட்டமாக, அறுகோண வடிவில் அமைந்திருக்கும். இராணி அறை அடையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். அதன் தோற்றம் ஓடு உரிக்காத நிலக்கடலையை ஒத்திருக்கும். இத்தாலியத் தேனீயில் இதன் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். இந்தியத் தேனீயில் சற்றுச் சிறியது. அறையின் மேற்பகுதி அடியாகவும், கீழ் முனை வாயாகவும் அமைகின்றன. மேற்பகுதியில் அரசகூழ் என்னும் வெண்ணிற உணவு தேங்கியிருக்கும். புழு தலைகீழாக அதில் ஒட்டிக்கொண்டே வளரும்.

இராணியும் பணித்தேனீயும் ஒரே வகையான கருவுற்ற முட்டையிலிருந்தே உருவாகின்றன. வளரும் அறையும் ஊட்டப்படும் உணவுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. ஆகவே பணித்தேனீ அறையில் உள்ள மிக இளம் புழுவை இராணி அறைக்கு மாற்றினால் அது இராணியாகவே வளரும். அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் டூலிட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரிவாக விளக்கிய புழு மாற்றும் முறை இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டது. மெழுகிலோ நெகிழியிலோ செய்த சிறு கிண்ணங்களில் ஒரு நாள் வயதுக்குட்பட்ட புழுக்களை மெல்லிய கரண்டியால் எடுத்து வைத்து, இராணி இல்லாத வலுவான குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பதே அம்முறை. இதனைக் கிராஃப்டிங் என்றும் அழைப்பர்.

இயற்கையில் இராணி அறைகள் மூன்று சூழல்களில் கட்டப்படுகின்றன.

1. குடி பிரியும் அறைகள்: குடும்பம் பெருகி இடம் போதாதபோது கட்டப்படுபவை. பெரும்பாலும் அடையின் கீழ் விளிம்பில் பல அறைகள் வரிசையாகத் தொங்கும்.
2. மாற்று அறைகள்: வயதான இராணியை மாற்றுவதற்காக ஒன்றிரண்டாகக் கட்டப்படுபவை.
3. அவசர அறைகள்: இராணி திடீரென இறந்துவிட்டால் ஏற்கெனவே உள்ள பணித்தேனீப் புழு அறைகளை நீட்டிக் கட்டப்படுபவை. அடையின் நடுப்பகுதியிலும் இவற்றைக் காணலாம்.

அறையாகவே எடுத்துச் செல்வதன் காரணம்

இனச்சேர்க்கை முடிந்த இராணியைச் சிறு கூண்டில் அடைத்து அனுப்பும் வழக்கமும் உண்டு. அதற்குச் செலவு அதிகம். அறிமுகம் இல்லாத இராணியைப் பணித்தேனீக்கள் சூழ்ந்து கொன்றுவிடும் வாய்ப்பும் உள்ளது. இதுவரை இனச்சேர்க்கை செய்யாத கன்னி இராணியை ஏற்கச் செய்வது அதைவிடக் கடினம். முதிர்ந்த இராணி அறையையோ, இராணி இல்லாத குடும்பம் பொதுவாக எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளும். இராணி அக்கூட்டிலேயே வெளிவருவதால் அதன் மணமும் கூட்டின் மணமும் தொடக்கம் முதலே கலந்துவிடுகின்றன.

அறைகள் இடத்தையும் அடைப்பதில்லை. ஒரு சிறிய பெட்டியில் பல அறைகளைக் கொண்டு செல்லலாம். அடையும் தேனீக்களும் நிறைந்த முழுப் பெட்டியைச் சுமந்து செல்லத் தேவையில்லை. குறை ஒன்று உண்டு. வெளிவரும் இராணி புதிய இடத்தில்தான் இனச்சேர்க்கைக்குப் பறக்கும். ஆகவே அதன் மகள்கள் பாதிக் குணங்களை அந்தப் பகுதி ஆண் தேனீக்களிடமிருந்து பெறுவர். தாய்வழிக் குணத்தை மட்டுமே அறையோடு கொண்டு செல்ல முடியும்.

வளர்ச்சி நாட்கள்

அறையை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ள இராணியின் வளர்ச்சிக் கால அட்டவணை தேவை. இத்தாலியத் தேனீயில் முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் வளர்ச்சி பின்வருமாறு அமைகிறது.

• 3ஆம் நாள்: முட்டையிலிருந்து புழு வெளிவருகிறது.
• 3 முதல் 4ஆம் நாள் வரை: புழு மாற்றம் செய்ய ஏற்ற காலம்.
• 8ஆம் நாள் அளவில்: அறையின் வாய் மெழுகால் மூடப்படுகிறது.
• 8 முதல் 11ஆம் நாள் வரை: புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு பின்னி, தோலுரித்துக் கூட்டுப்புழுவாக மாறுகிறது.
• 11 முதல் 15ஆம் நாள் வரை: கண், கால், இறக்கை ஆகியவை உருப்பெற்று நிறமும் உறுதியும் அடைகின்றன.
• 16ஆம் நாள்: இராணி மூடியை வட்டமாகக் கடித்து வெளிவருகிறது.

ஒப்பீட்டுக்கு, பணித்தேனீக்கு 21 நாட்களும் ஆண் தேனீக்கு 24 நாட்களும் தேவைப்படுகின்றன. இந்தியத் தேனீயின் இராணி 15 முதல் 16 நாட்களில் வெளிவரும். கூட்டின் வெப்பநிலை சற்று மிகுந்தால் வளர்ச்சி விரைவுபடும். குறைந்தால் தாமதமாகும்.

புழு மாற்றம் செய்பவர்கள் நாட்களை மாற்றம் செய்த நாளிலிருந்து எண்ணுவது வழக்கம். அக்கணக்கில் 5ஆம் நாள் அளவில் அறை மூடப்பட்டிருக்கும். 11 அல்லது 12ஆம் நாளில் இராணி வெளிவரும். எடுத்துக்காட்டாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை புழு மாற்றம் செய்தால் வெள்ளிக்கிழமைக்குள் அறைகள் மூடப்படும். அடுத்த வாரம் புதன்கிழமை, அதாவது 10ஆம் நாள், அவற்றை எடுத்துச் செல்லலாம். வியாழன் அல்லது வெள்ளியன்று இராணிகள் வெளிவரும்.

எடுத்துச் செல்ல ஏற்ற நாள்

மேற்கண்ட அட்டவணையில் மிக மென்மையான காலம், அறை மூடப்பட்டதிலிருந்து கூட்டுப்புழு உறுதி பெறும் வரை உள்ள நாட்கள். புழு மாற்றக் கணக்கில் இது 5 முதல் 9ஆம் நாள் வரை. இக்காலத்தின் தொடக்கத்தில் புழு உணவிலிருந்து இன்னும் முழுமையாக விலகியிருக்காது. அறை குலுங்கினால் உணவை விட்டுக் கீழே விழுந்துவிடும். பிறகு அதனால் மேலேறி உண்ண முடியாது. சில நாட்கள் கழித்து இறக்கைகளும் கால்களும் மெல்லிய தோலுக்குள் உருவாகும்போது ஏற்படும் அதிர்ச்சி அவற்றைச் சிதைக்கும். அவ்வாறு பாதிக்கப்பட்ட இராணி வெளியிலிருந்து பார்த்தால் உயிரோடுதான் வெளிவரும். ஆனால் இறக்கை சுருங்கியிருக்கும். பறக்காத இராணியால் இனச்சேர்க்கை செய்ய இயலாது.

ஆகவே புழு மாற்றத்திலிருந்து 10ஆம் நாளே பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இராணியின் உடல் பெரும்பாலும் உறுதி பெற்றுவிட்டது. வெளிவர ஓரிரு நாள் இடைவெளியும் இருக்கிறது. அதற்கும் மேல் காத்திருப்பது ஆபத்து. மாற்றிய புழு சற்று மூத்ததாக இருந்திருந்தால் இராணி ஒரு நாள் முன்னதாகவே வெளிவந்துவிடும். முதலில் வெளிவரும் இராணி மற்ற அறைகளைத் தேடிச் சென்று, அவற்றின் பக்கச் சுவரில் துளையிட்டு உள்ளிருக்கும் போட்டியாளர்களைக் கொட்டிக் கொன்றுவிடும். ஓர் இரவுத் தாமதத்தில் ஒரு சட்டத்தில் உள்ள அறைகள் அனைத்தையும் இழக்க நேரிடலாம்.

நாள் தெரியாத இயற்கை அறைகளில் முதிர்ச்சியை அறிய ஓர் அடையாளம் உதவும். இராணி வெளிவரும் நாள் நெருங்கும்போது பணித்தேனீக்கள் அறை முனையில் உள்ள மெழுகைச் சுரண்டி எடுத்துவிடும். உள்ளிருக்கும் பழுப்பு நிறப் பட்டுக்கூடு அங்கே வெளியே தெரியும். முனை மெழுகு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அறை இளமையானது. முனை பழுப்பாகவும் நார் போலவும் இருந்தால் முதிர்ந்தது. சுவர் மெல்லியதாக இருந்தால் ஒளி விளக்கின் முன் பிடித்துப் பார்க்கும்போது உள்ளே அசைவைக் காணலாம்.

மூடப்படுவதற்கு முந்தைய இளம் அறைகளை, புழு மாற்றம் செய்த 48 மணி நேரத்தில் எடுத்துச் செல்லும் வழக்கமும் சில நாடுகளில் உள்ளது. அந்த நிலையில் புழு சிறியது. கெட்டியான அரசகூழில் நன்கு ஒட்டியிருக்கும். ஆயினும் சேருமிடத்தில் அவற்றுக்கு உணவூட்டி முடிக்கும் வலுவான குடும்பம் தயாராக இருக்க வேண்டும். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு 10ஆம் நாள் அறையே ஏற்றது.

வழியில் நேரும் ஆபத்துகள்

குளிர்: தேனீக்கள் புழு வளரும் பகுதியை 34 முதல் 35 பாகை செல்சியசு அளவில் வைத்துக்கொள்கின்றன. அறை கூட்டைவிட்டு வெளியே வந்தவுடன் அந்த வெப்பம் நின்றுவிடுகிறது. முதிர்ந்த அறை சில நிமிடங்கள் வெளிக்காற்றில் இருப்பதால் கேடு நேராது. மணிக்கணக்கில் குளிர்ந்தால் வளர்ச்சி தடைபடும், உறுப்புகள் குறைபடும், உயிரும் போகலாம். சமவெளியிலிருந்து மலைப்பகுதிக்குச் செல்லும்போது இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

வெப்பம்: தமிழ்நாட்டின் சமவெளிகளில் குளிரைவிட வெயிலே பெரிய பகை. நிறுத்தி வைத்த மூடிய காருக்குள் வெப்பம் சிறிது நேரத்திலேயே 40 பாகையைத் தாண்டிவிடும். தேநீர் அருந்த வண்டியை நிறுத்தும் இடைவெளியே அறைகளைக் கெடுக்கப் போதும்.

அதிர்ச்சி: மேடுபள்ளமான சாலையில் வண்டி குதிப்பது, பெட்டி கை தவறி விழுவது, அறையில் ஒட்டியிருக்கும் தேனீக்களை அகற்றச் சட்டத்தை உதறுவது ஆகிய மூன்றும் ஒரே கேட்டை விளைவிக்கும். இவற்றுள் கடைசியாகச் சொன்னது முற்றிலும் தவிர்க்கக்கூடியது. தேனீக்களை மென்மையான தூரிகையாலோ இறகாலோ மெல்ல ஒதுக்க வேண்டும்.

உலர்தல்: கூட்டின் காற்றில் ஈரப்பதம் உண்டு. உலர்ந்த சூடான காற்றில் நெடுநேரம் இருக்கும் அறையில் கூட்டுப்புழு உடலின் நீரை இழக்கும். பொரிப்புப் பெட்டியில் வைப்பவர்கள் ஈரப்பதத்தை 50 முதல் 70 விழுக்காடு வரை வைத்துக்கொள்கின்றனர்.

எடுத்துச் செல்லும் பெட்டி

விலை உயர்ந்த கருவி இல்லாமலும் நல்ல பெட்டியைச் செய்துகொள்ளலாம். மீன், பழம் போன்றவை அனுப்பப் பயன்படும் தெர்மோகோல் பெட்டி ஒன்று, மெத்தைக் கடைகளில் கிடைக்கும் தடித்த நுரைப்பஞ்சு, ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு வெப்பமானி ஆகியவை போதும்.

1. நுரைப்பஞ்சைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி, அறை தளர்வாக நுழையும் அளவில் துளைகள் இட வேண்டும். துளைகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும். வழியில் ஓர் இராணி வெளிவந்தாலும் அடுத்த அறையை அடையாதபடி ஒவ்வோர் அறையும் தனித்து இருப்பது நல்லது.
2. துளையின் அடிப்பகுதி அறையின் முனையைத் தொடக்கூடாது. கிண்ணத்தின் விளிம்போ அறையின் மெழுகு அடியோ துளையின் மேல் தங்கி நிற்க, அறை காற்றில் தொங்க வேண்டும்.
3. புட்டியில் ஏறத்தாழ 40 பாகை வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்க வேண்டும். அது அறைகளைத் தொடக்கூடாது. கொதிநீர் கூடாது.
4. வெப்பமானியின் முனையை அறைகளின் அருகில் வைக்க வேண்டும். பெட்டியின் ஓரத்தில் வைத்தால் அளவு தவறாகக் காட்டும். 33 முதல் 35 பாகை வரை இருந்தால் நலம்.
5. நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டு ஒன்றை மூலையில் வைத்தால் ஈரப்பதம் நிலைக்கும். நீர் சொட்டக்கூடாது.
6. மூடியில் இரண்டு மூன்று சிறு துளைகள் வேண்டும். உள்ளிருப்பவை மூச்சுவிடும் உயிர்கள்.

பெட்டியை அறைகளை எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே சூடாக்கி வைப்பது சிறந்தது. குளிர்ந்த நுரைப்பஞ்சு அறைகளின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெரிய பண்ணைகளில் வாகன மின்கலத்தில் இயங்கும் சிறு பொரிப்புப் பெட்டிகள் பயன்படுகின்றன.

தொலைவு மிகுதியாக இருந்தால் மற்றொரு வழி உண்டு. அறை உள்ள அடையை, அதன் மேல் அடர்ந்திருக்கும் இளம் தேனீக்களோடு சிறிய பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதே அது. தேனீக்களே வெப்பத்தையும் ஈரத்தையும் காத்துக்கொள்ளும். ஆனால் அடை ஆடாதபடி சட்டத்தை இறுக்க வேண்டும். மேலும் அடையோடும் தேனீக்களோடும் நோயும் பயணம் செய்யும் வாய்ப்பு கூடுதல்.

அறையைப் பிரித்தெடுத்தல்

அடையில் தொங்கும் இயற்கை அறையைக் கூரிய கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். அறையின் மேல்பகுதியை ஒட்டி இரண்டு அல்லது மூன்று செண்டிமீட்டர் அகலத்துக்கு அடையையும் சேர்த்து வெட்டினால், பிடிப்பதற்கும் பிறகு பொருத்துவதற்கும் வசதியாக இருக்கும். விரல்கள் அந்த அடைத்துண்டை மட்டுமே பிடிக்க வேண்டும். அறையின் சுவரை அழுத்தக்கூடாது. இரண்டு அறைகள் ஒட்டியிருந்தால் அவற்றைப் பிரிக்க முயலாமல் ஒன்றாகவே எடுப்பது பாதுகாப்பானது.

எடுத்தது முதல் பொருத்துவது வரை அறையின் முனை கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பார்ப்பதற்காகத் திருப்பிப் பிடிப்பதும், மேசையில் படுக்க வைப்பதும் பலரிடம் காணப்படும் பழக்கங்கள். இவற்றை விட்டுவிட வேண்டும்.

மிகச் சிறியதும் சுவர் வழவழப்பானதுமான அறைகளைத் தவிர்க்க வேண்டும். நன்கு உணவூட்டப்பட்ட அறை நீளமாகவும் சுவர் முழுதும் சிறு குழிகளோடு செதுக்கியது போலவும் இருக்கும். ஒவ்வோர் அறையின் கிண்ணத்திலும் தாய்க் குடும்பத்தின் எண்ணையும் நாளையும் எழுதி வைத்தால் பிறகு குழப்பம் நேராது.

பயணம்

காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ பயணம் செய்வது நல்லது. காரில் பெட்டியை இருக்கையின் மேல் தடித்த மெத்தை விரித்து வைக்கலாம். பின்புறச் சரக்குப் பகுதியில்தான் குலுக்கல் அதிகம் உணரப்படும். இரு சக்கர வண்டியில் சாமான் தாங்கியில் கட்டுவது பெரும் தவறு. பின்னால் அமர்ந்தவர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டால் அவர் உடலே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பேருந்திலும் இதுவே முறை. ஒன்றிரண்டு அறைகளைச் சட்டைப் பையில் வைத்து உடல் சூட்டில் எடுத்துச் செல்பவர்களும் உண்டு. குறுகிய தொலைவுக்கு அது போதுமானது. நசுங்காமல் இருக்க அறையை முதலில் சிறிய அட்டைக் குழாயில் இட வேண்டும்.

புதிய குடும்பத்தில் பொருத்துதல்

அறை வந்து சேர்வதற்கு முன்பே அதை ஏற்கும் குடும்பம் தயாராக இருக்க வேண்டும். இராணி உள்ள குடும்பத்தில் வைத்தால் தேனீக்கள் அறையைக் கிழித்துவிடும். ஆகவே பெட்டியைப் பிரித்தோ பழைய இராணியை அகற்றியோ ஒரு நாள் ஆகியிருப்பது நல்லது. அந்த இடைவெளியில் குடும்பம் தானே அவசர அறைகளைத் தொடங்கியிருக்கலாம். அவற்றைத் தேடி அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் நாம் கொண்டுவந்த அறையின் இராணி அவற்றோடு போராட நேரும்.

அறையைப் புழு அறையின் நடுவில், மூடிய புழுக்கள் உள்ள இரண்டு அடைகளுக்கிடையே, மேல் பகுதியில் பொருத்த வேண்டும். அங்கேதான் தேனீக்கள் அடர்ந்திருக்கும். வெப்பமும் நிலையாக இருக்கும். அறையோடு வந்த அடைத்துண்டை அடையின் மேல் பகுதியில் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பதிக்கலாம். நெகிழிக் கிண்ணமாயின் சட்டத்தின் மேல் கட்டைகளுக்கிடையே தொங்கவிடலாம். இருபுற அடைகளும் அறையை நசுக்காதபடி இடைவெளி விடுவது இன்றியமையாதது.

பகைமை கொண்ட தேனீக்கள் அறையைப் பக்கவாட்டில்தான் கிழிக்கும். முனையைக் கிழிப்பது அரிது. எனவே அறையின் பக்கங்களை மெல்லிய அலுமினியத் தாளாலோ கம்பிச்சுருளாலோ சுற்றி, முனையை மட்டும் திறந்து விடுவது நல்ல பாதுகாப்பு. இராணி வெளிவர முனையே வழி என்பதால் அதை எக்காரணத்தாலும் மூடக்கூடாது.

வழியிலேயே ஓர் இராணி வெளிவந்துவிட்டால் அதைச் சிறு கூண்டில் அடைத்து, சர்க்கரைப் பொடியைத் தேனில் பிசைந்த கெட்டி உணவால் வாயை அடைத்து, குடும்பத்தில் வைக்கலாம். தேனீக்கள் அந்த உணவைத் தின்று வழி திறப்பதற்குள் மணம் பழகிவிடும். இதற்குச் சொந்தப் பண்ணைத் தேனையே பயன்படுத்த வேண்டும்.

பொருத்திய பின்

மூன்றாம் நாள் அறையை மட்டும் பார்த்தால் போதும். வெறும் கூடே பல செய்திகளைச் சொல்லும்.

• முனை வட்டமாக வெட்டப்பட்டு, மூடி ஒரு பக்கம் கதவு போல் தொங்கினால் இராணி நல்லபடியாக வெளிவந்துவிட்டது.
• பக்கச் சுவரில் ஓட்டை இருந்தால் அறை அழிக்கப்பட்டது. குடும்பத்தில் வேறோர் இராணி இருக்கக்கூடும்.
• மூடியபடியே இருந்தால் மேலும் ஒரு நாள் காத்திருந்து, பின் திறந்து பார்க்க வேண்டும். சில வேளைகளில் இராணி வெளிவந்த பிறகு மூடி மீண்டும் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு பணித்தேனீ சிக்கியிருப்பதும் உண்டு.

இராணி வெளிவந்தது உறுதியானால் பிறகு இரண்டு வாரங்கள் பெட்டியைத் திறக்கக்கூடாது. கன்னி இராணி அச்சம் மிகுந்தது. வெளிவந்து ஒரு வாரம் அளவில் அது இனச்சேர்க்கைக்குப் பறக்கும். வானம் தெளிவாகவும் வெப்பமாகவும் இருக்கும் பிற்பகல் வேண்டும். முதிர்ந்த ஆண் தேனீக்களும் வேண்டும். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாட்களும், அதன்பின் பருவமடைய ஏறத்தாழ 12 நாட்களும் ஆகும். அருகில் ஆண் தேனீ அடைகளே இல்லாத காலத்தில் அறைகளை எடுத்துச் செல்வது வீண். பறக்கும்போது பஞ்சுருட்டான் போன்ற தேனீ உண்ணும் பறவைகளுக்கு இரையாகும் இராணிகளும் உண்டு. ஆகவே எல்லா அறைகளும் வெற்றி பெறும் என்று எதிர்பார்க்க முடியாது. சில அறைகளைக் கூடுதலாக வளர்த்து வைப்பதே அறிவுடைமை.

தோல்வியின் விலை

எல்லாம் நன்றாக நடந்தால், அறை பொருத்திய இரண்டு நாளில் இராணி வெளிவரும். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகளிலிருந்து பணித்தேனீக்கள் வர மேலும் 21 நாட்கள். அதாவது புதிய இராணியின் முதல் மகளைக் காண ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகிறது. அதுவரை குடும்பம் பழைய தேனீக்களைக் கொண்டே வாழ வேண்டும். சுறுசுறுப்பான பருவத்தில் ஒரு பணித்தேனீயின் ஆயுளே ஆறு வாரம் அளவுதான்.

பொருத்திய அறையில் உயிரில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரியவந்தால், அதற்குள் கூட்டில் இளம் புழு எதுவும் மிஞ்சியிருக்காது. தேனீக்களால் தாமே இராணியை வளர்க்க முடியாது. பிறகு பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். கருவுறாத அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். இந்தியத் தேனீயில் இந்நிலை இத்தாலியத் தேனீயைவிட விரைவில் தோன்றும். அந்தக் குடும்பத்தை மீட்பது மிகக் கடினம். மூன்றாம் நாள் அறையைப் பார்ப்பதன் பயன் இதுதான். தோல்வி அன்றே தெரிந்தால் வேறோர் அறையையோ, முட்டையும் இளம் புழுவும் உள்ள ஓர் அடையையோ கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

நோய்ப் பாதுகாப்பு

தேனீக்களையும் அடைகளையும் முழுமையாக மாற்றுவதோடு ஒப்பிட்டால் தனி அறையை மாற்றுவதில் நோய் பரவும் வாய்ப்பு குறைவு. இராணியின் வளர்ச்சிக் காலம் குறுகியது என்பதால் வரோவா உண்ணி இராணி அறையில் பெருகுவது அரிது. ஆனால் ஆபத்து முற்றிலும் இல்லை என்று கொள்ளக்கூடாது. கறுப்பு இராணி அறை வைரசு என்னும் நோய்க்கிருமி இராணிக் கூட்டுப்புழுக்களையே தாக்கும். இறந்த புழு கறுத்து, அறையின் சுவரிலும் கரும்பழுப்புக் கறை படியும். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு இருக்கும் தன்மையுடையவை. அடைத்துண்டும் தேனும் தேனீக்களும் அவற்றைக் கொண்டு செல்லும்.

தென்னிந்தியத் தேனீ வளர்ப்பாளர்கள் மறக்க முடியாத பாடம் தாய் சாக் புரூட் வைரசு நோய். 1991–92 காலத்தில் தென்னிந்தியாவில் பரவிய இந்நோய் கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களின் பெரும் பகுதியை அழித்தது. நோயுற்ற புழு நீர் நிறைந்த பை போலாகி, அறையில் நீண்டு கிடந்து இறக்கும். பெட்டி பெட்டியாக வளர்த்திருந்த பல குடும்பங்களின் வருமானம் அதோடு நின்றது. இதற்கு மருந்து இல்லை. ஆகவே நோய் கண்ட பண்ணையிலிருந்து அறை, அடை, தேனீ எதையும் வெளியே கொண்டு செல்லாமல் இருப்பதே முதல் தடுப்பு.

அறையை எடுக்கும் முன் தாய்க் குடும்பத்தின் புழு அடைகளையும், அறையை வளர்த்த குடும்பத்தின் அடைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். புழுக்கள் முத்துப் போல் வெண்மையாகவும், மூடிய பகுதி இடைவெளியின்றிச் சீராகவும் இருக்க வேண்டும். கத்தி, தூரிகை, கையுறை ஆகியவற்றை ஒரு பண்ணையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும்போது சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். நெகிழிக் கிண்ணத்தில் வளர்ந்த அறையோடு அடைத்துண்டு வருவதில்லை என்பதால் அதுவே தூய்மையானது.

பருவம்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய கேரளப் பகுதியிலும் தேனீக் குடும்பங்கள் பெருகும் காலம் அக்டோபரில் தொடங்குகிறது. சனவரி முதல் இரப்பர் மரங்களில் இருந்து தேன் கிடைக்கும். அதற்குள் பிரித்த குடும்பங்கள் வலுப்பெற்றிருந்தால்தான் அந்த ஆண்டின் தேன் பெட்டிக்குள் வரும். மேலே கண்ட ஐந்து வாரக் கணக்கின்படி, நவம்பர் தொடக்கத்தில் பொருத்திய அறை டிசம்பர் நடுப்பகுதியில்தான் புதிய பணித்தேனீக்களைத் தரத் தொடங்கும். அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் இராணியின் பறப்பு சில நாட்கள் தள்ளிப்போகலாம். ஆகவே அறைகளை எடுத்துச் செல்லும் நாளைத் தீர்மானிக்கும்போது புழு மாற்றிய தேதியோடு, அதற்குப் பின்வரும் இரண்டு வாரத்து வானிலையையும் கணக்கில் கொள்வது நல்லது. ஒரு குறிப்பேட்டில் புழு மாற்றிய நாள், எடுத்த நாள், பொருத்திய பெட்டி எண், மூன்றாம் நாள் கண்ட நிலை, முதல் முட்டையைக் கண்ட நாள் ஆகிய ஐந்தையும் எழுதி வந்தால், இரண்டு பருவங்களுக்குள் தம் பகுதிக்கு ஏற்ற கால அட்டவணை ஒவ்வொருவர் கையிலும் இருக்கும்.